உருக்கு நகரத்து ஓநாய்கள்

சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். சிட்னிக்குத் தெற்கே, ரயிலில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கடலோரமாக இருக்கிறது வுல்லங்காங் என்னும் அந்த ஊர். ஆஸ்திரேலியா போய் வந்தவர்கள் எல்லாரும் ஓபரா ஹவுஸைப் பற்றியும் கங்காருவைப் பற்றியும் நம் மலரில் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு கால்பந்துக் குழுவைப் பற்றி. "தண்டவாளத்தைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதருக்குப் பந்தோடு என்ன வேலை?" என்று சங்கத்து நண்பர்கள் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் ஜாம்ஷெட்பூர்க்காரர்களாகிய நமக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு விளங்கும்.

ஒரு சனிக்கிழமை மாலை, மாப்பிள்ளை என்னையும் பேரனையும் ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். பெரிய மைதானம் அல்ல. கூட்டம் சில நூறு பேர் இருக்கும். வாசலில் சீட்டுக் கொடுத்தவர், தேநீர் விற்ற அம்மையார் முதலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். ஆடிய குழுவின் பெயர் வுல்லங்காங் வுல்வ்ஸ். நம் மொழியில் சொன்னால் ஓநாய்கள்.

இடைவேளையில் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "மாமா, இந்தக் குழு இரண்டு தடவை ஆஸ்திரேலியாவின் தேசிய சாம்பியன். ஒரு தடவை ஓஷியானியாவுக்கே சாம்பியன். ரியல் மாட்ரிட் ஆட இருந்த உலகப் போட்டியில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரியல் மாட்ரிட் எங்கே, இந்தச் சில நூறு பேர் எங்கே? மறுநாள் தொடங்கி, ஊர் நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவது என் பொழுதுபோக்காயிற்று. அங்கே படித்ததையும் ஊரில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

வுல்லங்காங் ஒரு நீண்ட, ஒடுங்கிய ஊர். மேற்கே செங்குத்தாக ஒரு மலைத்தொடர். கிழக்கே பசிபிக் கடல். நடுவில் கொஞ்சம் சமநிலம். அந்தப் பகுதி முழுவதற்கும் இல்லவாரா என்று பெயர். மலைக்குள் நல்ல நிலக்கரி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை வெட்ட இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். 1928-இல், ஊருக்குத் தெற்கே போர்ட் கெம்ப்ளா துறைமுகத்தின் அருகே முதல் பிளாஸ்ட் ஃபர்னஸ் மூட்டப்பட்டது. லித்கோ என்ற மலையூரில் உருக்காலை நடத்தி வந்த ஹாஸ்கின்ஸ் குடும்பத்தார், நிலக்கரியும் துறைமுகமும் ஒரே இடத்தில் இருப்பதைக் கண்டு இங்கே வந்தார்கள். 1935-இல் ஆலை பி.எச்.பி. என்னும் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலை வேகமாக வளர்ந்தது. உள்ளூரில் ஆள் போதவில்லை. இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் எனப் பல நாட்டிலிருந்தும் கையில் ஒரு பெட்டியோடு மனிதர்கள் வந்து இறங்கினார்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களில் மாசிடோனியர்கள் மிகுதி. ஃபர்னஸின் சூட்டிலும் கோக் அடுப்புகளின் புகையிலும் கடினமான வேலைகள் பெரும்பாலும் இந்தப் புதியவர்களுக்கே கிடைத்தன. 1980 வாக்கில் ஆலையில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள்.

இதைப் படித்தபோது நம் சாக்சியும் பிஸ்டுபூரும் என் கண்முன் வந்தன. நம் பாட்டனாரும் தகப்பனாரும் இங்கே வந்து இறங்கிய கதையும் இதுதானே? ஒரு ஆலை, அதைச் சுற்றிப் பல மொழிக்காரர்கள், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சங்கம், ஒரு கோயில். போர்ட் கெம்ப்ளாவிலும் அப்படியே. ஆனால் அங்கே ஒவ்வொரு மொழிக்காரருக்கும் இன்னொன்றும் இருந்தது: ஒரு கால்பந்துக் குழு.

வந்தேறிகளின் விளையாட்டு

ஆஸ்திரேலியாவில் 'ஃபுட்பால்' என்று சொன்னால் ஊருக்கு ஊர் பொருள் மாறும். மெல்போர்ன் பக்கம் நீள்வட்டப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலிய விதிப் பந்தாட்டம். சிட்னி பக்கம் ரக்பி. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்துக்கு அங்கே 'சாக்கர்' என்று பெயர் வைத்து, அது வெளிநாட்டுக்காரன் ஆட்டம் என்று நெடுநாள் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

அந்த நாளில் அவர்கள் ஆட்டம் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் இந்தியா ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4–2 என்று தோற்கடித்தது. நெவில் டிசூஸா மூன்று கோல் போட்டார். அன்று நாம் அரையிறுதிக்குப் போனோம். ஐம்பது ஆண்டு கழித்து, 2006-இல், ஆஸ்திரேலியா உலகக் கோப்பையில் இரண்டாம் சுற்று வரை போயிற்று. நாம் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. இடையில் அவர்கள் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் குடியேறி வந்த தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

இல்லவாராவில் அந்த வரலாறு இன்னும் பழமையானது. சுரங்கத் தொழிலாளர்கள் ஆடிய பால்கௌனி ரேஞ்சர்ஸ் என்னும் குழு 1883-இல் தோன்றியது. ஆஸ்திரேலியாவில் இன்றும் இருந்து வரும் கால்பந்துக் குழுக்களில் மிகப் பழையது என்று அதைச் சொல்கிறார்கள். 1960-களில் சவுத் கோஸ்ட் யுனைடெட் என்ற குழு மாநிலத்தின் முதல் பிரிவில் ஆடியது. அதற்காக ஆட இங்கிலாந்திலிருந்து வந்த ஏட்ரியன் ஆல்ஸ்டன், 1974-இல் ஆஸ்திரேலியா முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனபோது அந்த அணியில் ஆடினார்.

சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றும் ஒரு நாட்டாருடையதாக இருந்தன. மார்க்கோனி, இத்தாலியருடையது. சவுத் மெல்போர்ன், கிரேக்கருடையது. சிட்னி யுனைடெட், குரோவேஷியருடையது. வாரம் முழுவதும் வாய் திறவாமல் வேலை செய்தவன், ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தில்தான் தன் மொழியில் உரக்கக் கத்தினான். பெண் பார்ப்பது, வேலை தேடித் தருவது, ஊர்க் கடிதத்தைப் படித்துக் காட்டுவது எல்லாம் அங்கேதான் நடந்தன.

1980: ஊருக்கென்று ஒரு குழு

1977-இல் ஆஸ்திரேலியாவில் தேசிய சாக்கர் லீக் தொடங்கியது. அந்த நாட்டில் எந்த வகைப் பந்தாட்டத்துக்கும் அதற்கு முன் தேசிய அளவில் கிளப் லீக் கிடையாது. ஒதுக்கி வைக்கப்பட்ட ஆட்டமே முதலில் நாடு தழுவிய போட்டி நடத்திக் காட்டியது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த லீக்கில் ஆட வேண்டும் என்று 1980-இல் வுல்லங்காங் குழுவைத் தொடங்கினார்கள். 1981-இல் அது லீக்கில் சேர்ந்தது. மற்றக் குழுக்களுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. இது இத்தாலியருடையதும் அல்ல, மாசிடோனியருடையதும் அல்ல. ஊரில் மாசிடோனியர், இத்தாலியர், போர்ச்சுகீசியர் எல்லாருக்கும் தனித்தனிக் குழுக்கள் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தன. அவை அப்படியே இருக்கட்டும், தேசியப் போட்டிக்கு ஊர் முழுவதும் சேர்ந்து ஒன்றை அனுப்புவோம் என்ற எண்ணத்தில் பிறந்தது இது.

பிறந்த நேரம் நல்ல நேரம் அல்ல. 1982-இல் உலகமெங்கும் உருக்குக்குக் கிராக்கி குறைந்தது. போர்ட் கெம்ப்ளாவில் பல ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று. சுரங்கங்களிலும் ஆள் குறைப்பு. அந்த அக்டோபரில் கெமிரா சுரங்கத்தில் 31 தொழிலாளர்கள் வேலை நீக்கத்தை எதிர்த்து, மேலே வர மறுத்து, 16 நாள் பூமிக்கடியிலேயே இருந்தார்கள். அக்டோபர் 26 அன்று உருக்காலை, சுரங்கத் தொழிலாளர்கள் தலைநகர் கான்பெராவுக்கு ரயிலேறிப் போய் நாடாளுமன்றத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

வேலை போன ஊரில் விளையாட்டுக் குழுவுக்குக் காசு எங்கிருந்து வரும்? 1980-களின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் வுல்லங்காங்குக்குத் தேசிய லீக்கில் இடமே இல்லாமல் போயிற்று. மாநிலப் போட்டியில் ஆடிக் காத்திருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் மீண்டும் இடம் கிடைத்தது.

பகலில் பேருந்து, மாலையில் பந்து

இந்தக் குழுவினரை 'பாதித் தொழில்முறை' ஆட்டக்காரர்கள் என்பார்கள். நம் நாட்டில் ஆட்டக்காரர்களுக்கு ரயில்வே, வங்கி, காவல்துறை போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். வேலை கொடுத்தவருக்காகவே ஆடுவார்கள். பயிற்சிக்குப் போக அனுமதியும் உண்டு. எங்கள் ரயில்வே அணி சந்தோஷ் கோப்பையையே வென்றது அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் அந்த ஏற்பாடு இல்லை. பகலில் எங்கோ ஒரு வேலை. அது முடிந்த பிறகு மாலையில் பயிற்சி. வார இறுதியில் ஆட்டம். கிளப் கொடுக்கும் தொகையை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதற்காக அதை வேண்டாம் என்றும் விட முடியாது.

ஸ்காட் சிப்பர்ஃபீல்டு என்பவர் வுல்வ்ஸ் குழுவின் இடது பக்க ஆட்டக்காரர். அவர் செய்த வேலை பேருந்து ஓட்டுவது. தேசிய லீக்கில் நாடே பேசும் ஆட்டக்காரர், திங்கட்கிழமை காலை ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். 2001-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் குழு அவரை அழைத்துக்கொண்டது. அங்கே 11 ஆண்டுகள் ஆடி ஏழு முறை சுவிஸ் லீக் பட்டம் வென்றார். 2006, 2010 இரண்டு உலகக் கோப்பைகளிலும் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார்.

ரயில்வேயில் என்னோடு இருந்த கேங்மேன்களில் சிலர் அருமையான ஆட்டக்காரர்கள். பகலெல்லாம் பாரையும் ஜாக்கியும் தூக்கிவிட்டு மாலையில் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். எங்கிருந்து அந்தத் தெம்பு வருகிறது என்று நான் வியந்ததுண்டு. சிப்பர்ஃபீல்டின் கதையைப் படித்தபோது அவர்கள் நினைவுதான் வந்தது. அவர்களைப் பார்த்து அழைத்துப் போக எந்த பாசலும் வரவில்லை.

ஜூன் 11, 2000

1999–2000 பருவத்தின் இறுதி ஆட்டம் பெர்த் நகரில், சுபியாகோ மைதானத்தில் நடந்தது. எதிரணி, லீக் சுற்றில் முதலிடம் பெற்ற பெர்த் குளோரி. வுல்லங்காங்கிலிருந்து பெர்த் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், கண்டத்தின் மறு ஓரத்தில் இருக்கிறது. நடுவே உள்ள நல்லர்பார் சமவெளியில் 478 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவுகூட இல்லாமல் தண்டவாளம் நேராகப் போகிறது. உலகிலேயே அதுதான் மிக நீளமான நேர்ப்பாதை என்று படிப்புக் காலத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அத்தனை தொலைவில் போய் ஆடினால் உடன் வரும் ரசிகர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அன்று மைதானத்தில் 43,242 பேர். அந்த லீக்கின் வரலாற்றில் எந்த இறுதி ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அதில் மிகப் பெரும்பாலோர் பெர்த் ஆட்கள்.

இடைவேளையின்போது பெர்த் 3, வுல்லங்காங் 0.

கால்பந்தில் மூன்று கோல் பின்தங்கினால், அதுவும் இறுதி ஆட்டத்தில், எதிரியின் ஊரில் பின்தங்கினால், மிச்சமுள்ள 45 நிமிடத்தை மானம் போகாமல் ஓட்டிவிட்டு வருவதே வழக்கம். ஆனால் இடைவேளைக்குப் பின் சிப்பர்ஃபீல்டு ஒரு கோல் போட்டார். பிறகு மேட் ஹார்ஸ்லி ஒன்று போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் பால் ரீட் மூன்றாவதையும் போட்டார். 3–3. கூடுதல் நேரத்திலும் முடிவு இல்லை. பெனால்டி உதைகளுக்குப் போனார்கள். தலைக்கு ஐந்து உதை முடிந்தும் சமநிலை. அதற்கு மேலும் உதைத்து, 7–6 என்ற கணக்கில் வுல்லங்காங் வென்றது.

ஆஸ்திரேலியாவில் கால்பந்தைப் பின்பற்றும் பெரியவர்கள் இன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மைதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், உருக்காலையில் ஓய்வு பெற்றவர், நான் கேட்காமலே அந்த மூன்று கோல்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். பந்து எந்தப் பக்கம் வந்தது, யார் தலையில் பட்டது என்று கைகளால் வரைந்து காட்டினார். எதிரே ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. அதை அவர் அந்தப் பத்து நிமிடம் பார்க்கவே இல்லை.

உலகப் போட்டியும் மூடிய கதவும்

பட்டம் வென்றதால் வுல்லங்காங்குக்கு ஓஷியானியா கிளப் போட்டியில் இடம் கிடைத்தது. 2001 ஜனவரியில் பாப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் அது நடந்தது. இறுதி ஆட்டத்தில் வனுவாட்டு நாட்டின் டாஃபியா குழுவை 1–0 என்று வென்றார்கள். அதனால் அந்த ஆண்டு ஸ்பெயினில் நடக்க இருந்த உலகக் கிளப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். 12 குழுக்களில் ரியல் மாட்ரிட் ஒன்று, வுல்லங்காங் ஒன்று. வுல்லங்காங் இருந்த பிரிவில் அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ், ஸ்பெயினின் டெபோர்டிவோ, எகிப்தின் ஜமாலெக். பகலில் பேருந்து ஓட்டியவர்களும் பட்டறைக்குப் போனவர்களும் போகா ஜூனியர்ஸை எதிர்த்து ஆடத் தயாரானார்கள்.

அந்தப் போட்டி நடக்கவே இல்லை. ஃபிஃபாவின் வணிகக் கூட்டாளியாக இருந்த ஐ.எஸ்.எல். என்ற நிறுவனம் 2001-இல் திவாலாயிற்று. மே மாதத்தில் போட்டியை நிறுத்திவிட்டார்கள். (நம் நாட்டு லீக்கின் சுருக்கப் பெயரும் அதுவே, இரண்டுக்கும் தொடர்பில்லை.)

ஸ்பெயின் பயணம் போன வருத்தத்தோடு வுல்வ்ஸ் அடுத்த மாதமே தேசிய லீக்கின் இறுதி ஆட்டத்துக்கு வந்து, சவுத் மெல்போர்னை 2–1 என்று வென்றார்கள். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு தேசிய சாம்பியன்.

மூன்றே ஆண்டுகளில் அந்த லீக்கே இல்லாமல் போனது. அதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

1990-களிலேயே சாக்கர் தலைமையில் இருந்தவர்களுக்கு ஒரு கவலை. குழுக்கள் எல்லாம் இத்தாலியர், கிரேக்கர், குரோவேஷியர் என்று பிரிந்து கிடப்பதால் பொதுமக்கள் வருவதில்லை, தொலைக்காட்சி வருவதில்லை, பணம் வருவதில்லை என்றார்கள். குழுக்கள் தங்கள் நாட்டுப் பெயரையும் சின்னத்தையும் நீக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மெல்போர்ன் குரோவேஷியா, மெல்போர்ன் நைட்ஸ் ஆனது. சவுத் மெல்போர்ன், 'ஹெல்லாஸ்' என்ற சொல்லை விட்டது. அப்பொழுதும் பண நெருக்கடி தீரவில்லை. 2003-இல் கிராஃபோர்டு விசாரணைக் குழுவின் அறிக்கை நிர்வாகத்தை அடியோடு மாற்றச் சொன்னது. 2004-இல் தேசிய சாக்கர் லீக் முடிவுக்கு வந்தது. 2005-இல் 'ஏ-லீக்' என்று புதிதாக, முழுத் தொழில்முறையாக, எட்டே குழுக்களோடு தொடங்கினார்கள். ஒரு நகரத்துக்கு ஒரு குழு என்பது கொள்கை.

அந்த எட்டில் சவுத் மெல்போர்ன், மார்க்கோனி, சிட்னி யுனைடெட் எதுவும் இல்லை. ஒரு நாட்டார் அடையாளம் உள்ளவை என்று அவற்றுக்குக் காரணம் சொல்லலாம். ஆனால் வுல்லங்காங்குக்கும் இடம் இல்லை. தலைவர்கள் கேட்டது எதுவோ அதுவாகவே பிறந்தது இந்தக் குழு. எந்த நாட்டாருக்கும் சொந்தமில்லாமல் ஊருக்குச் சொந்தமானது. முந்தைய சில ஆண்டுகளில் இரண்டு முறை சாம்பியன். அப்படியிருந்தும் புதிய லீக்குக்கு வேண்டிய முதலீடும் சந்தைக் கணக்கும் வேறாக இருந்தன. வுல்லங்காங்கைவிடச் சின்ன ஊரான காஸ்ஃபர்டை மையமாகக் கொண்ட சென்ட்ரல் கோஸ்ட் குழுவுக்கு இடம் கிடைத்தது. நியூசிலாந்துக்கும் ஒன்று கிடைத்தது.

பெயரை மாற்று, சின்னத்தை எடு, உன் அடையாளத்தைக் குறைத்துக்கொள், அப்பொழுது ஏற்றுக்கொள்கிறோம் என்று வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்வது உலக வழக்கம். அப்படிக் குறைத்துக்கொண்டவர்களையும் ஏற்கவில்லை. குறைப்பதற்கே ஒன்றும் இல்லாத வுல்லங்காங்கையும் ஏற்கவில்லை. கணக்கு வேறெங்கோ போடப்படுகிறது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இருபது ஆண்டு

கதை இங்கே முடிந்திருக்கலாம். பல ஊர்களில் முடிந்தது. தேசிய லீக்கில் ஆடிய குழுக்கள் சில, பெயர்கூட மிஞ்சாமல் போயின.

வுல்வ்ஸ் மாநிலப் போட்டிக்குத் திரும்பினார்கள். 43,000 பேர் முன் ஆடிய குழு சில நூறு பேர் முன் ஆடியது. நடுவில் சில ஆண்டுகள் 'சவுத் கோஸ்ட் வுல்வ்ஸ்' என்று பெயரும் மாறியது. பிறகு பழைய பெயருக்கே வந்தார்கள். உருக்காலையும் சுருங்கிக்கொண்டே வந்தது. 2002-இல் அது பி.எச்.பி.யிலிருந்து பிரிந்து, இப்பொழுது புளூஸ்கோப் என்ற பெயரில் இயங்குகிறது. 2011-இல் ஒரு பிளாஸ்ட் ஃபர்னஸை நிறுத்தினார்கள். இன்று பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் அந்த ஊரில் பலருக்குச் சோறு போடுகின்றன. என் மகளும் மருமகனும் அங்கே போனது இந்தப் புதிய வேலைகளுக்காகத்தான்.

ஆனால் வாராவாரம் ஆட்டம் நின்றதில்லை. கீழே சிறுவர்களைப் பழக்குவதும் நிற்கவில்லை. 2019-இல் வுல்வ்ஸ் தங்கள் மாநில லீக்கில் முதலிடம் பெற்றார்கள். மாநில லீக்குகளில் முதலிடம் பெற்ற குழுக்கள் மோதும் தேசியச் சுற்றிலும் இறுதியில் வென்றார்கள். எதிரணி பிரிஸ்பேனின் லயன்ஸ். 1957-இல் டச்சுக் குடியேறிகள் தொடங்கியது. அப்போதைய வுல்வ்ஸ் பயிற்சியாளர் லூக் வில்க்ஷயர். வுல்லங்காங்கில் பிறந்து, ஐரோப்பாவில் பல ஆண்டு ஆடி, இரண்டு உலகக் கோப்பைகளிலும் பங்கேற்றுவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர்.

2023 நவம்பரில் ஆஸ்திரேலியக் கால்பந்துத் தலைமை, ஏ-லீக்குக்கு அடுத்த தேசியப் போட்டி ஒன்றுக்கு எட்டுக் குழுக்களைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சவுத் மெல்போர்ன், மார்க்கோனி, சிட்னி யுனைடெட், சிட்னி ஒலிம்பிக், ஏபியா லைகார்ட், மாசிடோனியர் தொடங்கிய பிரெஸ்டன் லயன்ஸ், மெல்போர்னின் அவொண்டேல். அவர்களோடு வுல்லங்காங் வுல்வ்ஸ். இருபது ஆண்டுக்கு முன் வாசலில் நிறுத்தப்பட்டவர்களில் பலர் ஒன்றாக உள்ளே வந்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் 'ஆஸ்திரேலியன் சாம்பியன்ஷிப்' என்ற பெயரில் 16 குழுக்களோடு அந்தப் போட்டி தொடங்கியது.

இதை ஒரு வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு மனம் இல்லை. இரண்டாம் தரப் போட்டிதான். அதில் வென்றால் ஏ-லீக்குக்கு ஏறலாம் என்ற வழியும் இன்னும் இல்லை. இருபது ஆண்டில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் நல்ல வயது கடந்துவிட்டது. அதை யாரும் திருப்பித் தர முடியாது.

நமக்கு

நம் ஊரிலும் கால்பந்துக்குப் பஞ்சமில்லை. 1987-இல் டாட்டா ஃபுட்பால் அகாடமி வந்தது. 2017-இல் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. வந்தது; ஐந்தே ஆண்டில், 2021–22-இல், லீக் ஷீல்டும் கிடைத்தது. பெரிய நிறுவனம் பின்னால் இருக்கும்போது வேலைகள் சீராக நடக்கின்றன. அது நம் அதிர்ஷ்டம். வுல்லங்காங்குக்கு அந்தத் தூண் இல்லை. ஊர்தான் தூண்.

நம் தமிழ்ச் சங்கத்தைப் பற்றி யோசித்தால், நாம் வுல்லங்காங் மாதிரிதான். நமக்கும் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. கூட்டம் குறைகிறது, பிள்ளைகள் வெளியூர் போய்விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆள் வருவதில்லை என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் பேசுகிறோம். ஆயிரம் பேர் வந்த அந்தக் காலப் பொங்கல் விழாவைப் பற்றிக் கைகளால் வரைந்து காட்டுகிறோம், அந்த முதியவர் மூன்று கோல்களை வரைந்து காட்டியது போல. அதில் தவறில்லை. பழைய வெற்றியைச் சொல்ல ஆள் வேண்டும். ஆனால் அந்த முதியவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சீட்டு வாங்கிக்கொண்டு மைதானத்துக்கும் வருகிறார். கதை சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் கடைசியாக ஒரு ஆட்டம் பார்த்தோம். வுல்வ்ஸ் தோற்றார்கள். ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு இரண்டு பேர் கோல் வலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் அம்மையார் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பேரனைப் பார்த்து, "அடுத்த வாரம் வருவாயா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான்.

பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு இந்த ஆண்டும் ஆள் போதவில்லை என்று செயலாளர் சொன்னார். மைதானத்தில் கோடு போட, சுண்ணாம்பு வாளியோடு காலை ஆறு மணிக்கு நான் வந்துவிடுகிறேன். நேர்கோடு போடுவது எனக்குப் பழக்கமான வேலை. இன்னும் இரண்டு பேர் வந்தால் போதும்.